இடது கால் முதலில்

கனாக் காண்கிற குடும்பம் என்று சில குடும்பங்கள் உண்டு. பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற குடும்பம், கூத்துக் கட்டுகிற குடும்பம் என்பது போலத்தான் அதுவும். ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் பஞ்சாட்சரம் வீட்டுக்கு அந்தப் பேர் பஞ்சாட்சரத்தால் வந்ததல்ல. அவர் பெண்சாதி செல்லம்மாள் சீரோடு சேர்த்துக் கொண்டுவந்தது. செல்லம்மாளின் பெரியம்மா ஒருத்தி, காணாமல் போன மாட்டைக் கனவில் கண்ட இடத்துக்கே போய்ப் பிடித்து வந்தவள். தாய்மாமன் ஒருவர், கனவில் விருந்து சாப்பிட்டேன் என்று சொல்லி மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர். செல்லம்மாளுக்குப் பெண்கள் மூன்று பேர். மூத்தவளும் கடைசியும் தகப்பனைப் போல, படுத்தால் கட்டை. நடுவில் பிறந்த மோகனாவுக்குத்தான் அந்தச் சொத்து முழுசாக வந்து சேர்ந்தது.

அவளைக் கட்டிய மதியழகன் பஞ்சாட்சரத்தின் கூடப்பிறந்த தங்கை மகன். நாலு வீடு தள்ளித்தான் வீடு. நிலக்கடலை போடுவான், மினி டெம்போ ஓட்டுவான், இரண்டும் இல்லாதபோது தூங்குவான். கனா என்றால் என்ன ருசி என்று அவனுக்குத் தெரியாது.

"மாமா, நேத்து ஒரு கனா" என்று மோகனா வாய் திறந்தால் போதும்.

"கம்பெனி பஸ் வந்துடும், கிளம்பு. கனாவுக்கு ஓவர்டைம் குடுக்க மாட்டாங்க" என்பான்.

அவன் கெட்டவன் இல்லை. சாமியில்லாத கோயிலில் மணி அடித்து என்ன பயன் என்று மோகனாவும் விட்டுவிட்டாள்.

மலைமேல் பனி கலைவதற்குள் ஷூ கம்பெனியின் பஸ் வந்துவிடும். ஜன்னலோரத்து இருக்கை மோகனாவுக்கு, பக்கத்து இருக்கை மேலத்தெரு ஜெயம்மாளுக்கு என்று எழுதாத பட்டா. வண்டி கிளம்பியதும் மோகனாவுக்கு இமை கனக்கும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வயல், தென்னை, மாதனூர் வந்து நெடுஞ்சாலை ஏறியதும் தூரத்தில் பாலாற்றின் வெள்ளை மணல், எங்கேயோ தேங்கிய தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு எல்லாம் கண்ணுக்குள் கரைந்து கரைந்து போகும். காலையில் கண்ட கனா அந்த நேரத்தில்தான் வடிவம் பிடிக்கும். ஆம்பூர் வந்து இறங்கும்போது சூடான இட்டிலி போல அது வாயில் தயாராக இருக்கும்.

அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒருத்தி இருந்தாள். அம்பரீன்.

தைத்து, அச்சில் ஏற்றி, அடி ஒட்டி, மெருகு போட்ட ஷூக்கள் கடைசியாக வந்து சேர்கிற மேசை ஒன்று உண்டு. ஜோடி பார்க்கிற மேசை. ஒரு பக்கம் மோகனா, எதிர்ப்பக்கம் அம்பரீன். இடது கால் ஷூ மோகனாவின் கைக்கு வரும், வலது கால் அம்பரீனின் கைக்கு வரும். மோகனா தன்னுடையதை மேசைமேல் வைப்பாள். அம்பரீன் அதைப் பார்த்து, அதே நிறம், அதே தோல் வரி உள்ள வலதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைப்பாள். இரண்டும் அக்கா தங்கை போல இருந்தால் பெட்டிக்குப் போகும். இல்லையென்றால் வேறு ஜோடி வருகிற வரையில் மேசைமேலேயே காத்திருக்கும். ஒற்றை ஷூ பெட்டிக்குள் போகக் கூடாது. அந்த மேசைக்கு அது ஒன்றுதான் சட்டம்.

கனாவும் அப்படித்தான் நடந்தது. மோகனா கனாவை வைப்பாள், அம்பரீன் பலனை வைப்பாள்.

"போடு மோனா" என்பாள் அம்பரீன், ஷூவைக் கேட்பவள் போல.

"பாலாத்துல வெள்ளம்டி. தண்ணி இல்ல, நெஜமாவே பாலு. அதுல ஷூவா மெதந்து வருது, தெப்பம் மாதிரி. அத்தனையும் வலது காலு."

"இடது இன்னா ஆச்சாம்?"

"நான் கரையில வச்சிட்டு நிக்கிறேன். ஒண்ணொண்ணா தண்ணில உட்றேன். ஜோடி சேர மாட்டேங்குது."

அம்பரீன் கையில் இருந்த ஷூவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், அதில்தான் பலன் எழுதியிருக்கிறது போல. "உங்க வூட்டுக்கு விருந்தாளி வரப்போறாங்க. பால் ஜாஸ்தியா வாங்கி வையி."

சில சமயம் விருந்தாளி வருவார்கள். வராவிட்டால் மறுநாள், "பஸ் கிடைச்சிருக்காது பாவம்" என்பாள். அவள் பலன் ஒருபோதும் பொய்க்காது. தாமதமாகும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "எங்க அம்மி சொல்வாங்க, கனா பறவையோட கால்ல தொங்கிட்டு இருக்குமாம். யார் முதல்ல பலன் சொல்றாங்களோ, அவங்க சொன்னபடி கீழ விழும். அதனால கண்டவங்க கிட்டயெல்லாம் கனாவ சொல்லாத. உன் நல்லத நினைக்கிறவங்க கிட்ட மட்டும் சொல்லு."

"அப்போ உன்கிட்ட ஏன்டி சொல்றேன்?"

"உனக்கு வேற நாதி இல்ல."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அம்மி என்றால் அம்பரீனின் அம்மா, அக்தரி பேகம். மோகனா அந்த அம்மாளை ஒரு தரம்தான் பார்த்திருக்கிறாள், ஒரு ரம்ஜானுக்கு. அதற்குள் மோகனாவின் மூன்று தலைமுறைக் கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சேமியா கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

அம்பரீனின் வீட்டுக்காரன் நவீத், ஷூ மிஷின்கள் ரிப்பேர் செய்வதில் கெட்டிக்காரன். ஆம்பூர் ஆட்களைத் தேடி எங்கெங்கிருந்தோ வருவார்கள் அல்லவா? அப்படி எத்தியோப்பியாவிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். அம்பரீன் பெட்டி கட்டினாள். மேசைக்கு அவள் வந்த கடைசி நாள், அதுவரையில் இல்லாத வழக்கமாக அவளே சொன்னாள்:

"இன்னிக்கி நான் போடறேன் மோனா. நீ பலன் சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவள் தன் கனாவைச் சொன்னதே இல்லை.

"பெரிய மைதானம். ஒரு மரம் கூட இல்ல. நான் நடந்து போய்க்கிட்டே இருக்கேன். வலது கால்ல ஷூ இருக்கு, இடது காலு வெறுங்காலு. திரும்பிப் பாத்தா மண்ணுல ஒரு பக்கம்தான் தடம் இருக்கு. மத்தது பதியவே இல்ல. இதுக்கு இன்னா சொல்ற?"

மோகனா கையில் இருந்த ஷூவை, அவளைப் போலவே, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் ஊரில் செருப்புத் தொலைகிற கனாவுக்குச் சொல்கிற பலன் எதுவும் நல்ல பலன் இல்லை. பிரிவு என்பார்கள், அதைவிடக் கெட்டதும் சொல்வார்கள். முதலில் சொன்னதுதானே விழும்? பறவை அம்பரீனின் தலைக்கு மேலேயே பறக்கிறது போல இருந்தது அவளுக்கு.

"அப்புறம் சொல்றேன்டி" என்றாள்.

அம்பரீன் சிரித்தபடி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அதோடு பெல் அடித்துவிட்டது.

பிறகு என்ன? போனில் ரோஜாப்பூ வந்தது. காலை வணக்கம் என்று எழுதிய ரோஜாப்பூ, பனித்துளியோடு. இவளும் ஒரு ரோஜாப்பூ அனுப்பினாள். கூப்பிட்டால் அங்கே வீடு நிறைய சத்தம், இங்கே பஸ் சத்தம். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." "சாப்ட்டியா?" லைன் கட்டாகிவிடும். ரோஜா மட்டும் தவறாமல் வந்தது. சிவப்பு, மஞ்சள், சில நாள் நீலம் கூட. பூவைப் பார்க்கும்போதெல்லாம் மோகனாவுக்கு, சொல்லாத பலன் கடன் பாக்கி போல ஞாபகம் வந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள், அப்புறம் வந்துவிட்டது. சொல்ல ஒரு நல்ல பலன்தான் அகப்படவில்லை.

அவளுடைய கனாக்களும் தேங்கிக்கொண்டே போயின. மேசைக்கு எதிரே புதிதாக வந்தவள் வேலையில் சூட்டிகையானவள்தான், ஆனால் கனா என்று சொன்னதும், "அக்கா, எனக்கு பயமா இருக்கு, சொல்லாத" என்று காதைப் பொத்திக்கொண்டாள். ஜெயம்மாளிடம் சொல்லலாம் என்றால், அவள் எல்லாவற்றுக்கும் சாவுதான் பலன் என்பாள். பல்லு விழுந்தாலும் சாவு, பாயசம் குடித்தாலும் சாவு. மோகனா வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தாள்.

பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள் அச்சடிப்பவர் இஷ்தியாக் அகமது. மோகனாவைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். சாயந்திரம் வேலை விட்டு, வாட்ச்மேனிடம் கொடுத்த போன்களை வாங்கிக்கொண்டு, பஸ்கள் வரிசையில் நிற்கும்வரை எல்லாரும் எதிர் டீக்கடையில் கூடுவார்கள். அங்கே இஷ்தியாக் போனில் எதையோ தட்டித் தட்டித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், லாட்டரி அடிச்சிதா?" என்றாள் மோகனா.

"அடப் போம்மா. பிளாக் எழுதறேன். நம்ம ஊரு பழைய கிரிக்கெட் மேட்ச் எல்லாம். யாரு கேட்ச் விட்டான், யாரு ஸ்டம்பைத் தூக்கிட்டு ஓடினான், அத்தனையும்."

"யாரு படிப்பாங்க?"

"என் மச்சான் ஒருத்தன் படிக்கிறான். அவனும் தப்பு கண்டுபிடிக்கத்தான். கேட்ச் விட்டவனே அவன்தானே!"

வலைப்பூ என்று தமிழில் சொல்வார்களாம். மோகனாவுக்கு அந்தப் பேரே கனாவில் வந்தது போல இருந்தது. வலையில் பூத்த பூ. எந்த ஊரில் இருப்பவரும் அதைத் திறந்து படிக்கலாம், படித்துவிட்டுக் கீழேயே பதிலும் எழுதலாம் என்றார் இஷ்தியாக். எந்த ஊரிலும் என்ற இடத்தில் மோகனா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எத்தியோப்பியாவுல கூடயா பாய்?"

"நிலாவுல ஆள் இருந்தா அங்கயும் படிக்கலாம். ஜிமெயில் இருக்கா?"

"போன் வாங்கும்போது கடைக்காரரு ஒண்ணு போட்டுக் குடுத்தாரு."

"பாஸ்வேர்ட்?"

"போன் கவர் உள்ள பேனால எழுதியிருக்காரு."

இஷ்தியாக் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்து எல்லாம் காட்டினார். காசு கிடையாது. ஒரு பேர் வைக்க வேண்டும், விலாசம் ஒன்று ஆங்கில எழுத்தில் வேண்டும், வேறு யாரும் அதை எடுத்திருக்கக் கூடாது. "யாரோ ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுது. ஊருக்கே சொல்றேன்னு நெனச்சா கை ஓடாது" என்றார். கனவு என்று போட்டுப் பார்த்தாள், யாரோ எடுத்துவிட்டார்கள். கனா, அதுவும் போய்விட்டது. பூ, பறவை என்று அவள் நினைத்ததற்கெல்லாம் முன்னாடியே ஆள் இருந்தது. உலகத்தில் இத்தனை பேர் கனாக் காண்கிறார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். தன் கையில் இருப்பது எது என்று யோசித்தாள். இடது கால் என்று போட்டாள். உடனே கிடைத்துவிட்டது. யாரும் சீந்தாத பேர்.

பஸ்ஸில் ஜெயம்மாள் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இடது காலா? ஏன்டி, வூட்டுக்கு வர்ற மருமவள வலது கால எடுத்து வையின்னு சொல்றோம். நீ ஆரம்பிக்கும்போதே இடது காலா? வெளங்கினாப்லதான்."

மோகனாவுக்கு மனசு சுருங்கிவிட்டது. மறுநாள் இஷ்தியாக்கிடம், பேரை மாற்ற முடியுமா என்று கேட்டாள். காரணம் கேட்டவர் சிரித்தார். "உள்ள போறதுக்குத்தாம்மா வலது காலு. நாங்க பள்ளிவாசல்ல உள்ள போகும்போது வலது கால வைப்போம், வெளிய வரும்போது இடது காலத்தான் முதல்ல வைப்போம். நீ இப்ப வெளியதானே போற? சரியாத்தான் வச்சிருக்க."

பேர் நிலைத்தது.

அன்றிலிருந்து பஸ் பிரயாணம் வேறாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்ந்திருக்கும், விரல் மட்டும் போனில் நகரும். தேங்கிக் கிடந்த கனாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தகப்பனுடைய கொல்லையில் கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடலைக்குப் பதிலாகக் கைக்குழந்தை ஷூக்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின கனா. ஒடுகத்தூர் மலை எழுந்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்துவந்து, கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டை கேட்டதும் கூச்சப்பட்டு நின்றுவிட்ட கனா. வெள்ளைப் பசு ஒன்று மேசைக்கு வந்து, என்னுடையது எது என்று கேட்க, அவளும் அம்பரீனும் அத்தனை ஷூவிலும் தேடி எடுத்துக் கொடுக்க, பசு நாலு காலிலும் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போன கனா. எழுத எழுத அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. வழியில் குருவராஜபாளையம் எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது.

எழுதியது தானாகவே சேமிப்பாகும். மேலே மூலையில் காகித ராக்கெட் போல ஒரு பொத்தான். அதைத் தொட்டால்தான் வெளியே போகும் என்று இஷ்தியாக் காட்டியிருந்தார். மோகனா அதைத் தொடவில்லை. தெரியாமல் இல்லை, தெரிந்துதான் தொடவில்லை. கனா எழுதியாகிவிட்டது, பலன் இன்னும் வரவில்லையே. ஒற்றையை எப்படிப் பெட்டியில் போடுவது? மேசைமேல் வைத்தாயிற்று. எதிரில் இருப்பவள் பார்த்து ஜோடியை எடுத்து வைப்பாள், அப்புறம் வெளியே அனுப்பலாம் என்றிருந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் கைக்குத் தெரிந்த முறை அதுதான்.

அதனால் விலாசத்தை மட்டும் அம்பரீனுக்கு அனுப்பினாள். கீழே, "நான் போட்டுட்டேன்டி. நீ போடு" என்று எழுதினாள்.

அன்று ரோஜா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்பரீன் உருது ஸ்கூலில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். பஸ் போர்டில் வாணியம்பாடி என்று படித்து முடிப்பதற்குள் பஸ் வாணியம்பாடிக்கே போய்விடும் என்று மோகனா கேலி செய்வதுண்டு. படிக்கிறாள் போல என்று காத்திருந்தாள். பிறகு ஒரு சாயந்திரம், வாட்ச்மேனிடமிருந்து போனை வாங்கியதும் குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்பரீனின் குரல். பின்னால் வீட்டுச் சத்தம் எதுவும் இல்லை.

"மோனா, நீ அனுப்பினத தொறந்தேன். பேரு மட்டும் இருக்கு. கீழ ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருக்கு. நானும் தினம் தொறந்து பாக்கறேன், வெள்ளையாவே இருக்கு. அன்னிக்கி நான் கேட்டதுக்கும் நீ ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியும், உனக்கு சொல்ல இஷ்டம் இல்ல. பரவால்ல. அந்த மைதானத்துலதான் இன்னும் நடந்துகிட்டு இருக்கேன்னு நெனச்சிக்க. நல்லா இரு."

மோகனா அதைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். டீக்கடைச் சத்தத்தில் நல்லா இரு என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவள் கை போனை நீட்டிக்கொண்டு இஷ்தியாக்கிடம் போனது.

"பாய், நான் இவ்ளோ எழுதியிருக்கேன், அவளுக்கு வெள்ளையா தெரியுதாம். போன் கெட்டுப் போச்சா?"

இஷ்தியாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "போன் கெடல. நீ ஒண்ணையும் வெளிய உடலயேம்மா! அத்தனையும் உள்ளயே கிடக்கு. உன்னத் தவிர யாருக்கும் தெரியாது."

"எதிர்ல இருக்கறவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"மேசைமேலதானே வச்சேன்" என்றாள். "ஜோடி சேரலயே பாய். அவ பலன் சொன்னாத்தானே முழுசாவும்? ஒத்தைய எப்படி உடறது?"

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இஷ்தியாக் அந்தக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர். சிரிக்காமல் தாடியைத் தடவினார்.

"ஒத்த ஷூ கம்பெனிய விட்டுப் போனதே இல்லன்றியா?"

"போகாது."

"சாம்பிள்?"

மோகனா நிமிர்ந்தாள்.

"புது மாடல் ஒத்துக்கிட்டாங்கன்னா இன்னா பண்றோம்? ஒரே தோல்ல ஒரு ஜோடி பண்ணி, சீல் போட்டு, வலது கால வெளிநாட்டுக்கு அனுப்பறோம். இடது கால நம்ம சாம்பிள் ரூம்ல மாட்டி வைக்கிறோம். அங்க இருக்கறது அங்க, இங்க இருக்கறது இங்க. அதுக்காக ஜோடி இல்லன்னு ஆயிடுமா? அத வச்சித்தானே இங்க இவ்ளோ ஷூ பண்றோம்?"

பஸ் ஹாரன் அடித்தது. ஜெயம்மாள் படியில் நின்றுகொண்டு, "ஏய் கனாக்காரி, வர்றியா, இங்கயே குடித்தனம் பண்றியா?" என்று கத்தினாள். மோகனா எப்படி ஏறினாள், எப்படி உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வண்டி நெடுஞ்சாலையில் போனது. சாயந்திர வெயில் பாலாற்று மணலில் பால் காய்ச்சின நிறத்தில் கிடந்தது. கண்ணை மூடினாள். சாம்பிள் ரூமின் கதவு தானே திறந்தது. சுவர் முழுக்க ஆணியில் இடது கால் ஷூக்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சீல் போட்ட சிட்டை. எத்தனை வருஷத்து ஷூக்கள்! எல்லாம் அசையாமல், கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிற தன் ஜோடியின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறது போல இருந்தன. அவற்றின் நடுவில் ஒரு ஆணியில் அம்பரீனுடையது. மண் ஒட்டாமல், பளபளவென்று.

கண் திறந்தபோது மாதனூர் தாண்டியிருந்தது. இத்தனை காலம் அகப்படாத பலன் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. மோகனா எழுதினாள்.

"அம்பரீன், நீ மைதானத்துல ஒத்தக் கால் ஷூவோட நடந்த கனாவுக்கு பலன் சொல்றேன். இதுவரைக்கும் யாரும் சொல்லலன்னா இதுதான் முதல் பலன், இப்படித்தான் விழணும். உன்னோட இடது கால் ஷூ தொலையல. அது எங்கிட்ட இருக்கு. சீல் போட்டு மாட்டி வச்சிருக்கேன். அதனாலதான் அங்க அந்தத் தடம் பதியல, அது இங்க பதிஞ்சிக்கிட்டு இருக்கு. நம்ம மேசையிலருந்து டீக்கடை வரைக்கும், டீக்கடையிலருந்து பஸ் வரைக்கும் தினம் பதியுது. நீ போற தூரத்துக்கு போய்ட்டு வா. வந்து மாட்டிக்கோ. அன்னிக்கே சொல்லியிருப்பேன். கெட்டதா எதாவது வாயில வந்துடுமோன்னு பயந்துட்டேன்."

எழுதி முடித்து, காகித ராக்கெட்டின் மேல் விரலைக் கொண்டுபோனாள். விரல் அந்தரத்தில் நின்றது. ஒற்றை ஷூவைப் பெட்டியில் போடாத விரல் அது.

"இன்னாடி, மந்திரம் போடறியா?" என்றாள் ஜெயம்மாள்.

"இடது கால வெளிய வைக்கிறேன்க்கா."

"வையி, வையி. பஸ்ஸு நின்னப்புறம் வையி."

மோகனா தொட்டுவிட்டாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு கடலைச் செடி, மலை, வெள்ளைப் பசு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். கொட்டிலைத் திறந்துவிட்டதும் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகுமே, அப்படிப் போயின. அம்பரீனுக்கு, "இப்ப தொறந்து பாருடி" என்று ஒரு வரி அனுப்பினாள். வீட்டில் மதியழகனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டில் இருந்து தலை தூக்கினான்.

"உன் கனா எல்லாம் இப்ப ஊருக்கே தெரியுமா?"

"ஆமா மாமா."

"நான் அதுல வர்றனா?"

"இல்ல."

"ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கை கழுவப் போனான்.

காத்திருப்பது என்றால் அப்படி ஒரு காத்திருப்பு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற இடத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். எண் ஏறியது. இஷ்தியாக் விசாரித்ததில், முக்கால்வாசி அவளே திறந்து பார்த்த கணக்கு, மிச்சம் இஷ்தியாக்கின் மச்சான். அந்த மனுஷன் வெள்ளைப் பசுவின் கீழே, "பசுவுக்கு எத்தனை சைஸ்?" என்று கேட்டு எழுதியிருந்தார். மோகனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்பரீனிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒருவேளை அந்த வெள்ளைப் பக்கத்தோடு அவள் கதவைச் சாத்திவிட்டாளோ? பிந்திச் சொன்ன பலனைப் பறவை ஏற்றுக்கொள்ளுமோ, கொள்ளாதோ?

மேசையில் ஷூக்கள் வந்தபடி இருந்தன. இடதை வைப்பாள். எதிரே இருப்பவள் வலதை வைப்பாள். கண் மட்டும் கேட் பக்கம், வாட்ச்மேனிடம் கொடுத்த போன்கள் கிடக்கிற பெட்டிப் பக்கம்.

ஒரு காலை, பனி இன்னும் இறங்கியிருக்கும்போதே, பஸ் குருவராஜபாளையத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. போன் மடியில் துடித்தது. மோகனா பார்த்தாள். இடது கால் வலைப்பூவில், பலனின் கீழே, பேர் இல்லாத ஒருவர் எழுதியிருந்தார். பேர் என்னத்துக்கு? எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் விட்டு, வேண்டாத இடத்தில் வைத்து, ஒரு வரியை ஒரு நாள் எழுதினது போல இருந்தது.

"மோனா, நான்தான். கூட்டிக் கூட்டி படிச்சேன். நவீத் படிச்சிக் காட்டறேன்னு சொன்னாரு, வேணாம்னுட்டேன். எனக்கு வந்தத நானேதான் படிப்பேன். பலன் நல்லா இருக்கு. லேட்டு. பஸ் கிடைச்சிருக்காது பாவம். இங்க எப்பவும் ஏலகிரி மாதிரி குளிரு. நேத்து முதல் தரம் தனியா கடைக்கு நடந்து போனேன், வழி கேட்டு கேட்டு. ரெண்டு காலும் தரையில பட்டுது. என் ஷூவ யாருக்கும் குடுத்துடாத. கடலைச் செடிக்கு பலன்: உன் புருஷன் இந்த வருஷம் கடலைய ஜோடி ஜோடியா உரிக்கப் போறான், கை வலிக்கும். மலைக்கு பலன் யோசிக்கிறேன். பசுவுக்கு அப்புறமா. நீ போட்டுக்கிட்டே இரு."

மோகனா படித்தாள். மறுபடியும், அம்பரீன் படிப்பது போலவே எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அப்போதுதான் அது சீக்கிரம் தீராது.

"யாருடி செத்தாங்க?" என்றாள் ஜெயம்மாள், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு.

"யாரும் சாவலக்கா. நடக்கறாங்க."

பஸ் மாதனூரில் நெடுஞ்சாலை ஏறியது. மோகனா ஜன்னலில் தலை சாய்த்தாள். இமை கனத்தது. பாலாற்று மணலில் தேங்கின தண்ணீரில், எப்போதும் போல அந்தக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பஸ் அதைத் தாண்டுகிற நேரத்தில், மடக்கி வைத்திருந்த இன்னொரு காலை மெதுவாக நீட்டி, தண்ணீருக்குள் வைத்தது.